மூடிய கடையில் சரக்கு கேட்கும் சர்வர்கள்!

சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடை என்று வைத்துக்கொள்வோம். முன்னால் பில் போடுகிற கம்ப்யூட்டர் நாலு. பின்னால் மாடிப்படிக்குக் கீழே, பழைய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, 'உய்ங்' என்று இரைந்தபடி ஒரு பெட்டி. அதுதான் சர்வர். சரக்கு இருப்பு, கடன் பாக்கி, எந்தக் கடைக்கு எந்த மருந்து போனது என்ற விவரம் எல்லாம் அதற்குள்தான்.

ஒரு நாள் காலை கடை முதலாளிக்கும், கம்ப்யூட்டர் பார்க்கிற பையனுக்கும் இப்படிப் பேச்சு நடக்கிறது.

"தம்பி, என்னமோ அப்டேட் பண்ணணும்னு சொன்னியே, பண்ணியாச்சா?"

"பண்ணிப் பார்த்தேன் அண்ணாச்சி. வர மாட்டேங்குது. எர்ரர் அடிக்குது."

"நெட் போயிருக்கும். சாயங்காலம் பாரு."

நெட் போகவில்லை. சாயங்காலம் பார்த்தாலும் வராது. அடுத்த மாதம் பார்த்தாலும் வராது. சரக்கு அனுப்புகிற கடையையே மூடிவிட்டுப் போய்விட்டார்கள்!

கடை கற்பனைதான். ஆனால் அந்த எர்ரர் கற்பனை அல்ல. அதை என்ன செய்வது என்பதில்தான் பல இடங்களில் தப்பு நடக்கிறது.

10 வருஷ ஆயுள்

அந்தப் பெட்டியில் ஓடுகிற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பெயர் 'சென்ட் ஓ.எஸ். 7'. அமெரிக்காவின் ரெட்ஹாட் கம்பெனி விற்கிற லினக்ஸை, அதன் மூல நிரலில் இருந்து அப்படியே மறுபடி கட்டி, இலவசமாகக் கொடுத்தார்கள் சில தன்னார்வலர்கள். 2004-ல் தொடங்கிய வேலை அது. காசு இல்லை, கேள்வி இல்லை. சரக்கோ முதல் தரம். அதனால் உலகம் பூராவும் பரவியது. 2014 ஜனவரியில் ரெட்ஹாட் கம்பெனியே இவர்களைத் தன் குடைக்குள் அழைத்துக்கொண்டது.

அதே வருஷம் ஜூலை மாதம் 7-ம் பதிப்பு வெளிவந்தது. 10 வருஷம் பராமரிப்போம் என்றார்கள். சொன்னபடி 2024 ஜூன் 30-ந்தேதி வரை பராமரித்தார்கள். அத்தோடு முடிந்தது.

பராமரிப்பது என்றால் என்ன? ஒரு சர்வருக்குள் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மென்பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு 'பேக்கேஜ்'. வெளியூரில் இருந்து உள்ளே நுழைய ஒன்று, வெப்சைட் காட்ட ஒன்று, கணக்கு வைக்க ஒன்று. இதில் எதிலாவது ஓட்டை இருப்பது தெரிந்தால், அதை அடைத்துப் புது பேக்கேஜ் அனுப்புவார்கள். 'யம் அப்டேட்' என்று தட்டினால் கிடங்கில் இருந்து புதுச் சரக்கு தானாக வந்து இறங்கிவிடும்.

கெடு முடிந்ததும் அந்தக் கிடங்கின் முகவரிப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். இப்போது 'யம் அப்டேட்' தட்டினால், 'மிர்ரர்லிஸ்ட் என்ற இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று திரையில் வருகிறது. காலி செய்துவிட்டுப் போனவர் வீட்டுக் கதவைத் தட்டுகிற கதை!

புதுப்பேட்டை சரக்கு

பையன் விவரமானவன். இரண்டு நிமிஷம் தேடியதும் வழி கிடைத்துவிடுகிறது. பழைய பேக்கேஜ்களை எல்லாம் 'வால்ட்' என்ற பழஞ்சரக்குக் கிடங்கில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சர்வரில் முகவரி எழுதியிருக்கிற கோப்பைத் திறந்து, மிர்ரர்லிஸ்ட் என்பதை அடித்துவிட்டு வால்ட் என்று மாற்றினால் போதும். எர்ரர் போய்விடும்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. 3 வருஷமாக யாரும் தொடாத சர்வராக இருந்தால், 2024 ஜூன் வரை அடைத்த ஓட்டைகளுக்கெல்லாம் மருந்து அங்கே இருக்கிறது. அதைக் கட்டாயம் எடுத்துப் போட வேண்டும்.

ஆனால் அங்கே புதுச் சரக்கு வராது. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அம்பாசடர் கார் தயாரிப்பு 2014 மே மாதம் நின்றது. அதற்கு உதிரி பாகம் வேண்டும் என்றால் புதுப்பேட்டைக்குப் போய்த் தேடலாம். கார் விஷயத்தில் அது போதும். கார் பழசாகிவிட்டது என்பதற்காக, ஊரில் உள்ள அம்பாசடர் அத்தனையையும் ஒரே நேரத்தில் திறக்க யாரும் சாவி செய்துகொண்டிருக்கவில்லை. சர்வர் விஷயத்தில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். ஓட்டை இன்று கண்டுபிடிக்கப்படும். மருந்தோ 2024-ல் தயாரானது. எப்படி ஒட்டும்?

நாக்கில் துணி சுற்றிய மணி

முகவரியை மாற்றிய பிறகு மறுபடி 'யம் அப்டேட்' தட்டினால் என்ன வரும் தெரியுமா? இருக்கிற பழஞ்சரக்கை எல்லாம் ஒரு தடவை இறக்கும். இரண்டாவது தடவை, 'அப்டேட் செய்ய பேக்கேஜ் எதுவும் இல்லை' என்று சாதுவாகப் பதில் சொல்லும்.

"முடிஞ்சுது அண்ணாச்சி. எல்லாம் அப்டேட்டா இருக்கு."

அண்ணாச்சிக்குத் திருப்தி. பையனுக்கும் திருப்தி. ஆடிட்டர் வந்து கேட்டால், 'அப்டேட் நிலுவை: இல்லை' என்று ஒரு தாளும் காட்டலாம்.

இது பொய்க் கணக்கு!

எர்ரர் அடித்ததே, அப்போது அந்த சர்வர் உண்மை பேசியது. 'எனக்கு இனிமேல் யாரும் இல்லை' என்று கத்தியது. இப்போது அதன் வாயை அடைத்தாகிவிட்டது. அபாய மணி அடித்ததும், நெருப்பு எங்கே என்று பார்க்காமல், மணியின் நாக்கில் துணியைச் சுற்றினால் எப்படி? 'எதுவும் இல்லை' என்ற பதிலுக்கு 'ஓட்டை எதுவும் இல்லை' என்று அர்த்தம் கிடையாது. 'கொடுக்க ஆள் இல்லை' என்று அர்த்தம்.

ஒரு நாள் முன்னும் பின்னும்

2024 ஜூன் 30-ந்தேதி கெடு முடிந்தது அல்லவா? மறுநாள் ஜூலை 1-ந்தேதி! குவாலிஸ் என்ற பாதுகாப்பு கம்பெனி ஒரு ஓட்டையை வெளியிட்டது. வெளியூரில் இருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் 'ஓபன் எஸ்.எஸ்.எச்.' என்ற பேக்கேஜில், பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே வந்து முழு அதிகாரத்தையும் பிடுங்கிக்கொள்ள வழி இருக்கிறது என்றது. உலகம் முழுக்க சர்வர் பார்க்கிறவர்களுக்குத் தூக்கம் போயிற்று.

சென்ட் ஓ.எஸ். 7 தப்பித்தது. எப்படி? அதில் இருந்தது மிகப் பழைய 7.4 பதிப்பு. அந்த ஓட்டையோ 8.5 பதிப்பில்தான் மறுபடி நுழைந்தது. 'பாத்தியா, பழசுதான் கெட்டி' என்று சிலர் மார்தட்டிக்கொள்ளலாம். அது கெட்டி அல்ல, அதிர்ஷ்டம். ஓட்டை 7.4-ல் இருந்திருந்தால் மருந்து கொடுக்க முந்தின நாள் வரை ஆள் இருந்தது. அன்றைக்கு இல்லை. ஒரே ஒரு நாள் வித்தியாசம்.

'ஓடுற வண்டி'

"ஓடுற வண்டியில ஏன் கை வைக்கணும்?" இது முதலாளிமார் எல்லோரும் கேட்கிற கேள்வி. நியாயமான கேள்விதான். கை வைத்துக் கெட்ட வண்டிகள் ஏராளம். ஆனால் சர்வர் என்பது, சும்மா விட்டாலும் ஒரு நாள் தானாகவே நின்றுவிடக்கூடிய வண்டி.

2021 செப்டம்பர் 30-ந்தேதி நடந்ததைப் பாருங்கள். இணையத்தில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றை 'நீ நிஜ ஆள்தானா?' என்று முத்திரை பார்த்துத்தான் நம்பும். இலவசமாக முத்திரை கொடுக்கிற 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அமைப்பு நம்பியிருந்த ஒரு பழைய மூல முத்திரை அன்று காலாவதி ஆயிற்று. புது முத்திரை பேக்கேஜ் போட்டிருந்த சர்வர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. போடாத பழைய சர்வர்கள் பல, நேற்று வரை பேசிக்கொண்டிருந்த தளங்களோடு அன்று பேச மறுத்துவிட்டன. யாரும் கை வைக்கவில்லை. தேதி மாறியது, அவ்வளவுதான்!

இதைவிடப் பெரிய பாடம் 2017-ல் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளுக்குக் கிடைத்தது.

300 டாலர் கேட்ட திருடன்

2017 மே 12-ந்தேதி, வெள்ளிக்கிழமை. 'வான்னாக்ரை' என்ற வைரஸ் கிளம்பியது. ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்ததும் கோப்புகளைப் பூட்டிவிட்டு, '300 டாலர் கொடு, திறக்கிறேன்' என்று திரையில் எழுதிக் காட்டியது. அங்கிருந்து பக்கத்துக் கம்ப்யூட்டருக்குத் தானாகத் தாவியது. யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் அரசு ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் 236. அதில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன என்று அந்த நாட்டுத் தணிக்கை அலுவலகம் கணக்கெடுத்தது. ஆபரேஷன் உள்பட 6,912 அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தானது உறுதியாகத் தெரிந்தது. மொத்தம் 19 ஆயிரத்துக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். சில இடங்களில் ஆம்புலன்ஸை வேறு ஆஸ்பத்திரிக்குத் திருப்பி விட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷனுக்காகப் பட்டினி கிடந்து வந்தவருக்கு, கம்ப்யூட்டரில் எந்தப் பதிப்பு ஓடியது என்பதா தெரியும்?

அந்த ஓட்டைக்கான மருந்தை மைக்ரோசாப்ட் கம்பெனி மார்ச் 14-ந்தேதியே கொடுத்திருந்தது. ஏறக்குறைய 2 மாதம் முன்பே! ஆனால் பராமரிப்பில் இருந்த விண்டோஸ்களுக்கு மட்டும். 2014-ல் கெடு முடிந்த எக்ஸ்.பி.க்கும், 2015-ல் முடிந்த சர்வர் 2003-க்கும் பொதுவாகக் கொடுக்கவில்லை. வீடு பற்றி எரிந்த பிறகு, மனசு இரங்கி அவற்றுக்கும் கொடுத்தார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிகளில் சிக்கிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை எக்ஸ்.பி. அல்ல. பராமரிப்பில் இருந்த விண்டோஸ் 7. மருந்து கையில் இருந்தும் போடாமல் விட்டவை. ஆக, கெடு முடிந்த சர்வரை வைத்திருப்பவரும், கெடு முடியாத சர்வரில் அப்டேட் போடாதவரும் நிற்பது ஒரே வரிசையில்தான். ஒரே வித்தியாசம், இரண்டாமவர் நினைத்தால் அன்று சாயங்காலமே வரிசையை விட்டு வெளியே வந்துவிடலாம். முதலாமவரால் முடியாது.

கைவைத்தியம்

அதனால்தான் சிலர் கைவைத்தியத்தில் இறங்குகிறார்கள். இது ரொம்ப ஆபத்து.

வேறு பதிப்புக்குச் செய்த பேக்கேஜைக் கொண்டுவந்து இதில் திணிக்கிறார்கள். அது 'ஜி-லிப்-சி' புதுசு கேட்கும். சென்ட் ஓ.எஸ். 7-ல் இருப்பது 2.17. சர்வரில் உள்ள எல்லா மென்பொருளுக்கும் அஸ்திவாரம் அதுதான். அஸ்திவாரத்தை உருவிவிட்டுப் புதுசு வைக்கப் போனால், அடுத்த கணம் ஒரு கட்டளையும் ஓடாது. கோப்புப் பட்டியலைக்கூடப் பார்க்க முடியாது.

இன்னொரு கூத்து, பைதான் பழசாக இருக்கிறதே என்று அதை 3-க்கு மாற்றுவது. 'யம்' என்பதே பழைய பைதான் 2-ல் எழுதப்பட்டது. அதை எடுத்துவிட்டால் அப்டேட் செய்கிற கருவியே செத்துப்போகும். உட்கார்ந்த கிளையை வெட்டியவன் கதைதான்.

எல்லாவற்றையும் விட மோசம், 'கையெழுத்து சரியில்லை' என்று பேக்கேஜ் தகராறு செய்யும்போது, கையெழுத்துச் சோதனையையே நிறுத்திவிடுவது. யார் அனுப்பிய பொட்டலம் என்று பார்க்காமல் வீட்டுக்குள் வாங்கி வைப்பதற்குச் சமம் அது.

பையன் தலையில் போடாதீர்கள்

எல்லாம் சரி, புதுசுக்கு மாறிவிட வேண்டியதுதானே? சொல்வது சுலபம்.

கடையில் ஓடுகிற பில்லிங் மென்பொருளை எழுதியவர் எங்கோ போய்விட்டார். அது பி.எச்.பி. 5.4-ல் எழுதியது. சென்ட் ஓ.எஸ். 7-ல் வந்தது அந்தப் பதிப்புதான். அதைச் செய்தவர்களே 2015-ல் கைவிட்டுவிட்டார்கள். புது ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அந்த பில்லிங் அப்படியே ஓடாது. திருத்தி எழுத வேண்டும். திருத்த ஆள் வேண்டும். ஆளுக்குப் பணம் வேண்டும். முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பையனின் சோம்பேறித்தனத்தில் இல்லை.

சொன்ன பேச்சைக் கேட்டு முன்கூட்டியே மாறியவர்களுக்கு நடந்த கதையும் இருக்கிறது. 2019-ல் சென்ட் ஓ.எஸ். 8 வந்தது. 2029 வரை ஓடும் என்று நம்பி மாறினார்கள். 2020 டிசம்பர் 8-ந்தேதி, 'அது 2021 டிசம்பர் 31-ந்தேதியோடு சரி' என்று அறிவித்துவிட்டார்கள். சோம்பேறியாக 7-லேயே இருந்தவருக்கு 2024 வரை அவகாசம். சுறுசுறுப்பாக மாறியவருக்கு ஒரு வருஷம்! இலவசம் என்றாலும் கொடுத்த வாக்கு வாக்குதான். அதன் பிறகு 'ஏன் மாறவில்லை' என்று சின்னக் கடைக்காரரிடம் கோபித்துக்கொள்ள யாருக்கும் அவ்வளவு உரிமை கிடையாது.

ஆனால் கோபத்துக்கும் காரணத்துக்கும் திருடன் காத்திருக்க மாட்டான். மேலே இருப்பவர்கள் கெடு வைத்துப் பணம் ஒதுக்கினால்தான் காரியம் நடக்கும். நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. ஏ.டி.எம். மெஷின்களில் பழைய எக்ஸ்.பி. ஓடிக்கொண்டிருந்தது. ரிசர்வ் வங்கி 2018 ஜூன் 21-ந்தேதி ஒரு சுற்றறிக்கை விட்டது. 2018 செப்டம்பருக்குள் 25 சதவீதம், டிசம்பருக்குள் 50, 2019 மார்ச்சுக்குள் 75, ஜூனுக்குள் முழுவதும் மாற்ற வேண்டும் என்றது. 'விரைவில் மாற்றுக' என்று எழுதியிருந்தால் அந்தத் தாள் எந்த பைலில் தூங்கியிருக்கும் என்பது குமாஸ்தாக்களுக்குத் தெரியும்.

கடைக்கும் ஆபீசுக்கும் அதே மாதிரி ஒரு தேதி வேண்டும். 'சர்வர் மாற்றம்' என்று பட்ஜெட்டில் தனி வரி வேண்டும். வருஷா வருஷம் ஷட்டருக்கு பெயிண்ட் அடிக்கப் பணம் இருக்கிறது, இதற்கு இல்லையா?

இப்போதைக்கு

அண்ணாச்சி இன்று என்ன செய்யலாம்?

முதலில் எல்லா விவரத்தையும் ஒரு தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, சர்வரில் இருந்து கழற்றி, பீரோவில் வைக்க வேண்டும். மாட்டியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். போட்டுப் பார்க்காத நகல் நகலே அல்ல.

அடுத்து, அந்த சர்வருக்கு வெளியுலகத் தொடர்பு நிஜமாகவே வேண்டுமா? பில் போடுகிற 4 கம்ப்யூட்டரோடு மட்டும் பேசினால் போதும் என்றால், இணையத்தில் இருந்து அதைப் பிரித்துவிடலாம். வீட்டில் இருந்து கணக்குப் பார்க்கிற வசதி போகும். போகட்டும். உள்ளே வேறொரு கம்ப்யூட்டர் கெட்டால் ஆபத்து அப்போதும் உண்டு. ஆனாலும் தெருவில் திறந்து கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

பிறகு மாற்றம். சென்ட் ஓ.எஸ். போன பிறகு, 2021-ல் 'ஆல்மா லினக்ஸ்', 'ராக்கி லினக்ஸ்' என்று இரண்டு வந்தன. இரண்டும் இலவசம். சென்ட் ஓ.எஸ். தெரிந்த பையனுக்கு இவை பழகிய வீடு மாதிரி. ஆல்மா 9-க்கு 2032 வரை பாதுகாப்பு மருந்து வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். 7-ல் இருந்து 8, அங்கிருந்து 9 என்று படிப்படியாக ஏற்றிவிட 'எலிவேட்' என்ற கருவி இருக்கிறது. ஏற்றுவதற்கு முன் 7-ஐ முழுக்க அப்டேட் செய்திருக்க வேண்டும். வால்ட் கிடங்குக்கு நல்ல வேலை வருவது இங்கேதான். ஆனாலும் பில்லிங் ஓடுகிற பெட்டியில் நேரடியாக இதைச் செய்யாமல், புதுப் பெட்டியில் புதுசாகப் போட்டு, விவரத்தை மாற்றி, ஒரு வாரம் பழசும் புதுசும் சேர்த்து ஓட்டிப் பார்ப்பது நல்லது.

பில்லிங் திருத்த 6 மாதம் ஆகும் என்றால், காசு வாங்கிக்கொண்டு சென்ட் ஓ.எஸ். 7-க்கு ஓட்டை அடைத்துத் தருகிற தனியார் கம்பெனிகள் இருக்கின்றன. அந்த 6 மாதத்துக்கு வாங்கலாம். அதையே சாக்காக வைத்து 6 வருஷம் ஓட்டக்கூடாது.

எல்லாம் மாறிய பிறகு பழைய பெட்டியை உடனே ரிச்சி தெருவில் தள்ளிவிட வேண்டாம். உள்ளே இருக்கிற ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, முழுக்க அழித்துவிட்டுப் பிறகு விற்கலாம். இல்லையென்றால் கடன் பாக்கி நோட்டையும், யார் என்ன மருந்து வாங்கினார் என்ற ஜாபிதாவையும் பழைய இரும்பு விலைக்குச் சேர்த்து விற்றதாகிவிடும்.